எழவு சொன்னவர் வீட்டு எழவு

எனக்கு வாய் நீளம். நான் சொல்லல, ஊரே சொல்லுது. வாய் நீளமா இருக்கிறவளுக்கு ஒரு கம்ப்யூட்டரும் கிடைச்சா என்ன ஆவும்? லெட்டர் எழுதுவா. வாராவாரம் வெள்ளிக்கிழமை மன்னார்குடியில லியாகத் அலி அண்ணன் பிரவுசிங் சென்டர்ல, கஸ்டமர் இல்லாத நேரமாப் பாத்து எழுதி, பட்டனைத் தட்டி விட்டுடுவேன். அது சிங்கப்பூர், துபாய், மஸ்கட், சென்னைன்னு எங்க ஊர்க்காரன் எங்கெங்க பொழைக்கப் போனானோ அங்கெல்லாம் போய் இறங்கும். நான் அந்தக் கடையில டைப் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தவ. பேரு சுடர்விழி.

ஆரம்பிச்சது என் அண்ணன் பகலவனுக்காக. சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை அவனுக்கு. வீட்டுல என்ன நடக்குதுன்னு எழுதுன்னான். அம்மா வயல் நண்டு பிடிக்கப் போயி, நண்டு விரலைக் கவ்வ, அம்மா அந்த நண்டோட அரை மணி நேரம் சண்டை போட்ட கதைய எழுதி அனுப்பினேன். அவன் அதை ரூம்ல இருக்கிற பசங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கான். எனக்கும் அனுப்பச் சொல்லு, எனக்கும் அனுப்பச் சொல்லுன்னு ஒவ்வொருத்தனா ஆரம்பிச்சு, இந்த மூணு வருஷத்துல சில நூறு பேருக்குப் போவுது. 'எதிர்க்கரை'ன்னு பேரு வெச்சேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊரு, இந்தப் பக்கம் எங்க தெரு. வேற என்ன பேரு வைக்கிறது?

அதுல ஊர்ச் செய்தி வராது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, தேர்தல் எதுவும் கிடையாது. என் வீட்டுல நடந்தது, என் மனசுல ஓடுனது, அவ்வளவுதான். என்னைப் பொண்ணு பாக்க வந்தவன் பஜ்ஜியில உப்பு இல்லன்னு சொன்னதும் நான் அவனை எழுப்பி விட்டதும் வரும். தையல் மெஷினோட நான் போடுற மல்லுக்கட்டு வரும். இதே மாதிரி நாகப்பட்டினத்துக்காரி விண்ணரசின்னு ஒருத்தி மஸ்கட்ல நர்ஸா இருந்துக்கிட்டு அவ கதைய அவ லெட்டர்ல எழுதுவா. நாங்க ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்ததில்ல. ஆனா மீன் கொழம்புல தேங்கா ஊத்தலாமா கூடாதான்னு ரெண்டு லெட்டர்லயும் ரெண்டு மாசம் அடிச்சுக்கிட்டோம். வாசிக்கிறவங்க கட்சி பிரிஞ்சு நின்னாங்க.

இப்படி நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ரெண்டாயிரத்து எட்டு மார்கழியில பண்ணை வீட்டு ரெங்கம்மாள் செத்துப்போனாங்க.

பண்ணை வீடுன்னா எங்க ஊர்ல ஒரே வீடுதான். முந்தி வேலிக் கணக்குல நிலம், ஒரு வேலின்னா ஆறு ஏக்கருக்கும் மேல. இப்ப அதுல பாதி கூட இல்ல, பிள்ளைங்க அமெரிக்காவுல இருக்கு. இருந்தாலும் யானை படுத்தாலும் குதிரை மட்டம். ரெங்கம்மாளோட மகனுங்கள்ல இங்கயே தங்கிட்டவரை சின்னப்பண்ணைன்னு கூப்பிடுவாங்க. அம்பது வயசு தாண்டியும் சின்னதுதான். அவரோட மூணு மா நிலத்தை, அதாவது ஒரு ஏக்கரை, எங்க அப்பா கண்ணுசாமி குத்தகைக்கு உழுதாரு. பதிவு கிதிவு ஒண்ணும் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

ரெங்கம்மாள் போன மறுநாள் காலையில சின்னப்பண்ணை கார் எங்க சென்டர் வாசல்ல வந்து நின்னுச்சு. லியாகத் அலி அண்ணன் பதறி எழுந்து நாற்காலிய இழுத்துப் போட்டாரு. அவர் உக்காரல. என் பக்கத்துல வந்து நின்னு, சிரிக்கிற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒரு போட்டோவ நீட்டினாரு.

"உன் லெட்டர் நம்ம ஊர்ப் பசங்க எல்லாத்துக்கும் போவுதாமே. அமெரிக்காவுல தம்பி சொன்னான். அம்மா தவறுனதை அதுல போட்டுடு. போட்டோ மேல வரணும். இந்த வாரம் உன் கதை எதுவும் வேணாம், இது மட்டும் போவட்டும்."

"பேப்பர்ல குடுத்துடலாங்க, நானே டிசைன் பண்ணித் தர்றேன்," லியாகத் அலி அண்ணன் சட்டுன்னு குறுக்க விழுந்தாரு. என் மூஞ்சி போற போக்கு அவருக்குத் தெரியும்.

"பேப்பர்லயும் குடுத்தாச்சு. வெளியூர்ல கிடக்கிற பசங்க எவன் பேப்பர் பாக்குறான்?" அப்புறம் என் தலைக்கு மேல கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "உங்க அப்பன் ஊர் ஊரா நடந்து சொல்லுவான். நீ உக்காந்த எடத்துலேருந்தே சொல்ற. காலம் எப்படி மாறிப்போச்சு பாரு."

சத்தியமாச் சொல்றேன், அவர் என்னைப் பாராட்டுனாரு. திட்டியிருந்தா கூட எனக்கு அவ்வளவு கோவம் வந்திருக்காது.

புரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். அந்தக் காலத்துல பண்ணை வீட்டுல ஒரு எழவு விழுந்தா, சொந்தக்காரங்க ஊருக்கெல்லாம் போய்ச் சொல்ற வேலை எங்க தெரு ஆளுங்க மேலதான். கேட்டுச் செய்யிற வேலை இல்ல, முறை. கும்பகோணம், பாபநாசம், நீடாமங்கலம்னு வெயிலோ மழையோ நடந்தே போவணும். தெருக்கோடியில நின்னு துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, இன்னார் தவறிட்டாங்க சாமின்னு சொல்லணும். அவங்க அழுதுக்கிட்டு உள்ள போவாங்க. சொல்லப் போனவன் அங்கயே நிக்கணும். கொஞ்சம் அரிசி போடுவாங்க, தண்ணி கேட்டா கையில ஊத்துவாங்க. விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்து கூட்டம் போட்டு, இனிமே எங்க ஆள் எவனும் போவமாட்டான்னு நிறுத்துற வரைக்கும் இதுதான் நடந்துச்சு. எங்க அப்பா நல்லா நடப்பாரு, குரலும் பெருசு. அதனால எப்பவும் அவரைத்தான் விடுவாங்க.

"முடியாதுங்க," என்றேன்.

"என்ன முடியாது?"

"அது என் லெட்டருங்க. என் கதைய மட்டுந்தான் அதுல எழுதுவேன்."

"டீக்கடை மாணிக்கம் செத்தப்ப எழுதினியாமே."

"அவர் எனக்கு டீ குடுத்தவருங்க. எல்லாருக்கும் குடுக்கிற அதே கிளாஸ்ல குடுத்தவரு."

அவர் மூஞ்சியில இருந்த சிரிப்பு போயிடுச்சு. லியாகத் அலி அண்ணன் பிரின்டர்ல இல்லாத பேப்பரைத் தேட ஆரம்பிச்சாரு. "உங்க முறையைத்தானே செய்யச் சொல்றேன். என்னமோ உன் சொத்தைக் கேட்ட மாதிரி பேசுற," என்றார் சின்னப்பண்ணை. போட்டோவ கீபோர்டு மேல வெச்சாரு. "வெள்ளிக்கிழமை வரட்டும். நான் உங்க அப்பன்கிட்ட பேசிக்கிறேன்."

பேசிட்டாரு. நான் சாயங்காலம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள, அந்த மூணு மா நிலத்தை அறுப்போட வேற ஆளுக்கு விடலாமான்னு பாக்குறேன்னு அப்பா காதுல போட்டுட்டுப் போயிருந்தாரு. சம்பா கதிர் வாங்கி நிக்கிற நேரம். பழைய குருடி கதவைத் திறடின்னு, சங்கம் போராடி நிறுத்துனது கம்ப்யூட்டர் வழியா திரும்பி வந்து எங்க வீட்டு வாசல்ல நின்னுச்சு.

அப்பா சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. அம்மா பொன்னுத்தாய் கொல்லைப்பக்கம் கெண்டை மீனை சாம்பல் போட்டு உரசிக்கிட்டிருந்துச்சு.

"ஒரு வரிதானே பாப்பா. போட்டு விட்டுடேன்," என்றார் அப்பா.

"ஒரு வரியா? நாளைக்கு அவங்க வீட்டுப் பூனை செத்தாலும் போடச் சொல்லுவாங்க."

"செத்த வீட்டுக்காரன்கிட்ட போயி ரோஷம் பாக்குறதா? அந்தம்மா நல்ல அம்மாதான்."

"நல்லவங்களா இருக்கட்டும்ப்பா. நான் அவங்களைக் குறை சொல்லல. சங்கக் கூட்டத்துல பேச வந்தவர்கிட்ட கேட்டு எங்களுக்குப் பகலவன்னும் சுடர்விழின்னும் பேரு வெச்சீங்கல்ல. அது எதுக்கு? நான் காலேஜுக்குப் போனேன், ரெண்டு பஸ் மாறிப் போயி வேலை பாக்குறேன், என் கதைய என் கையால எழுதுறேன். அதைப் பாத்தும் அந்த ஆளுக்கு என்ன தோணுது? எழவு சொல்றவன் மக, எழவு சொல்லட்டும்னு தோணுது. எனக்கு வயிறு எரியுதுப்பா."

அப்பா பாவம், பாம்புன்னு அடிக்கவும் முடியாம பழுதைன்னு தாண்டவும் முடியாம இருந்தாரு. அந்த நிலத்துக் கரையிலயே பாதி ஆயுசை விட்டவரு.

கொல்லையிலேருந்து அம்மா குரல் மட்டும் வந்துச்சு. "அம்சத்துக்கு யாரு போட்டா?"

"நீ சும்மா இரு," என்றார் அப்பா.

"சும்மாத்தான் இருந்தேன் இவ்வளவு காலமும். அம்சத்துக்கு யாரு போய்ச் சொன்னா, எந்த ஊருக்குச் சொன்னா, அத மொதல்ல சொல்லச் சொல்லு."

அம்சம்னு எனக்கு ஒரு அத்தை இருந்ததே எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. அப்பாவோட தங்கச்சி. தாய் தகப்பன் சீக்கிரமே போயிட, அப்பாதான் தூக்கி வளத்திருக்காரு. அம்மா மீனைச் சட்டியில போட்டுட்டு, கைய முந்தானையில துடைச்சுக்கிட்டு வந்து நிலைப்படியில நின்னு சொல்லுச்சு. அம்மா வாக்கப்பட்டு வந்த வருஷம், ஐப்பசி மாசம். சின்னப்பண்ணையோட தாத்தா, பெரிய பண்ணை செத்துப்போனாரு. அப்பாவைக் கும்பகோணத்துப் பக்கம் சொல்ல விட்டாங்க. அவர் கிளம்புன அன்னைக்கே, நடவு வயல்ல அம்சத்தைப் பாம்பு கடிச்சிடுச்சு. பொழுது சாயிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

"இவரை எங்கன்னு தேடுறது? எந்த ஊர்ல எந்தத் தெருக்கோடியில நிக்கிறாருன்னு யாருக்குத் தெரியும்? ஊர்ல நல்லா நடக்கிற ஆம்பளை எல்லாம் பண்ணை வேலையா நாலு பக்கமும் போயிட்டான். மழை வேற. இருந்த கெழடு கட்டைங்களா சேந்து அன்னைக்கு அந்தியிலயே புதைச்சிட்டோம். ரெண்டு நாள் கழிச்சு இவரு வர்றாரு. தலையில அரிசி மூட்டை. வாய்க்கா மதகுலேருந்தே, ஏ அம்சம், வந்து மூட்டைய வாங்கு, ஏ அம்சம்னு கத்திக்கிட்டே வர்றாரு. நான் என்னன்னு சொல்லுவேன்? புதுப்பொண்ணு நான். வாயத் தொறக்க முடியாம நின்னேன்."

அப்பா தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "சொல்றவனுக்கு யாரு வந்து சொல்றது? விடு."

அவ்வளவுதான் சொன்னாரு. அழக்கூட இல்ல. அப்ப, ஊர் திரும்புன மறுநாளே பெரிய பண்ணையோட கருமாதிக்குப் பந்தல் போடப் போவணும்னு ஆள் வந்துச்சாம், போயிட்டாராம். துக்கம் கேக்க ஒருத்தர் வரல. கையப் பிடிச்சு ஒரு ஆறுதல் வார்த்தை ஒருத்தர் சொல்லல.  

வெள்ளிக்கிழமை காலையில நான் கிளம்புறதுக்கு முன்னாடி அப்பா முன்னாடி போய் நின்னேன். "அம்சம் அத்தைய எழுதப்போறேன்ப்பா. பதினேழு வயசுன்னு அம்மா சொல்லுச்சு, அப்படியே போடுறேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் வேப்பங்குச்சிய வாயிலேருந்து எடுத்தாரு. ரொம்ப நேரம் கையில வெச்சு உருட்டிக்கிட்டிருந்தாரு. மண்வெட்டியப் பாத்தாரு, வயல் பக்கம் பாத்தாரு.

"பதினேழு ஆவல. பதினாறுதான் நடந்துச்சு," என்றார்.

சென்டருக்குப் போனதும் ரெங்கம்மாள் போட்டோவை ஒரு கவர்ல போட்டு, மரியாதையா லியாகத் அலி அண்ணன் மேஜையில வெச்சேன். இதைத் திருப்பிக் குடுத்துடுங்கண்ணேன்னேன். அவர் என்ன எழுதப்போறன்னு கேட்டாரு. எழுதிட்டுக் காட்டுறேன்னேன். எழுதுனது இதுதான்.

"துக்கச் செய்தி. எதிர்க்கரைத் தெரு கண்ணுசாமியின் தங்கை அம்சம், நடவு வயலில் பாம்பு தீண்டி இறந்துவிட்டார். வயது பதினாறு. இறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, ஐப்பசி. அடக்கம் அன்றே நடந்துவிட்டது. போட்டோ இல்லை. செய்தி தாமதமானதற்குக் காரணம், செய்தி சொல்ல வேண்டிய அண்ணன் அன்று வேறு வீட்டு எழவு சொல்லப் போயிருந்தார். இதையே நேரில் வந்து சொன்னதாக ஏற்றுக்கொள்ளவும். துக்கம் கேட்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். அண்ணன் வீட்டில் இருப்பார்."

லியாகத் அலி அண்ணன் நின்னுக்கிட்டே வாசிச்சாரு. கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. "எழுத்துப் பிழை இல்லம்மா, அனுப்பு," என்றார். இந்த லெட்டரால அவர் கடைக்கு என்ன வரும்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பண்ணை வீட்டு வேலை அத்தனையும் அவர் கடையிலதான் அடிப்பாங்க. அனுப்புன்னுட்டு டீ சொல்லப் போயிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலமே பகலவன் போன் பண்ணான். எனக்கு இப்படி ஒரு அத்தை இருந்ததை ஏன் யாரும் சொல்லலன்னு கோவமாத்தான் ஆரம்பிச்சான். அப்புறம் லைன்ல சத்தமே இல்ல. அண்ணன் அழறான்னு புரிஞ்சு நானும் போனை வெக்காம நின்னேன். மறுநாள் விண்ணரசியோட லெட்டர் வந்துச்சு. மேலயே அம்சம் அத்தையோட துக்கச் செய்தி, நான் எழுதுன அதே வார்த்தை. கீழ ஒரே வரி: "என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்." அதுக்கப்புறம் எங்களை மாதிரி லெட்டர் எழுதுற இன்னும் நாலஞ்சு பேர் அவங்கவங்க லெட்டர்ல போட்டாங்க. ஒருத்தரையும் நான் கேக்கல.

ஞாயித்துக்கிழமை யார் வரப்போறான்னு அம்மாவுக்கே நம்பிக்கை இல்ல. அப்பா வேணும்னே வயலுக்குக் கிளம்பினாரு. நான் மண்வெட்டியப் பிடுங்கி வெச்சேன். முதல்ல வந்தது லியாகத் அலி அண்ணனும் அவர் சம்சாரம் சஃபியா அக்காவும். அக்கா கையில பெரிய தூக்குல புளிச்சோறு. "எழவு வீட்டுல அடுப்பு எரியக்கூடாதுல்ல," என்று அம்மா கையில குடுத்துட்டு, அம்மாவோட கழுத்தைக் கட்டிக்கிச்சு.

லியாகத் அலி அண்ணன் நேரா அப்பாகிட்ட போயி, துக்கம் கேக்க ரெண்டு கையையும் நீட்டினாரு. அப்பாவுக்கு முதல்ல கூச்சம். "என்ன தம்பி இது கூத்து, எந்தக் காலத்துச் சாவு," என்று சிரிக்கப் பாத்தாரு. அண்ணன் கைய எடுக்கல. நீட்டுன கையத் தட்டக்கூடாதே, அப்பா பிடிச்சாரு. பிடிச்சவரு விடல. அந்த உடம்பு குலுங்குன குலுக்கல நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல. ஏ அம்சம், ஏ அம்சம்னு அவ்வளவு பெரிய குரல்ல அழுதாரு. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும், கேக்கட்டும்னு நினைச்சேன்.

அப்புறம் வந்துக்கிட்டே இருந்தாங்க. சிங்கப்பூர்ல இருக்கிறவனோட அப்பன், துபாய்ல இருக்கிறவனோட பொண்டாட்டி, போய்ட்டு வாங்கன்னு மகன் போன்ல சொன்னான்னு வந்த கெழவருங்க. நாகப்பட்டினத்துலேருந்து பஸ் ஏறி விண்ணரசியோட அம்மா, அப்பா வந்தாங்க. சுனாமியில வீட்டு ஆளைப் பறிகொடுத்தவங்க அவங்க, துக்கம் கேக்கத் தெரியும். டீக்கடை பெஞ்சு ரெண்டு வந்து வாசல்ல ஏறுச்சு. எல்லாரும் அப்பாவைச் சுத்தி உக்காந்திருந்தாங்க.

நிலத்தோட கதைய இங்கயே சொல்லிடுறேன், மறைக்க ஒண்ணுமில்ல. தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் அந்த மூணு மாவ எடுத்துக்கிட்டாங்க. வருத்தம் இல்லாம இல்ல. அப்பா ரெண்டு வாரம் அந்த வரப்புப் பக்கமே போவல. ஆனா நிலத்தை எடுக்கிறேன்னு முடிவாச் சொல்லச் சின்னப்பண்ணை முதல்ல வந்தது அந்த ஞாயித்துக்கிழமைதான். அன்னைக்கு அவரால சொல்ல முடியல.

கார் வாய்க்கால் பாலத்துலயே நின்னுடுச்சு. அவர் இறங்கி நடந்து வந்தாரு. "கண்ணுசாமி இருக்கானா," என்று கேட்டுக்கிட்டே வந்தவரு, பெஞ்சையும் கூட்டத்தையும் பாத்துத் தயங்குனாரு. பாவம், அவங்க அம்மா சேதி வரலன்னு மட்டும் கேள்விப்பட்டிருக்காரு, அந்த வார லெட்டரைப் பாக்கல போல.

"யாரு தவறிட்டா?" என்றார்.

அப்பா எழுந்தாரு. அவர் கை தோள்ல கிடந்த துண்டுக்குப் போச்சு. எனக்குத் திக்குன்னுச்சு. இறக்கி இடுப்புல கட்டிடுவாரோன்னு பயம். அப்பா துண்டால மூஞ்சியத் துடைச்சாரு. திரும்பத் தோள்லயே போட்டுக்கிட்டாரு.

"என் தங்கச்சிங்க. அம்சம்."

"எப்ப?"

"உங்க தாத்தா போனப்பங்க. நான் உங்க வீட்டு எழவு சொல்லப் போயிருந்தேன். இப்பதான் எனக்குச் சேதி வந்துச்சு."

 சின்னப்பண்ணை என்னைப் பாத்தாரு. நானும் பாத்தேன். கண்ணை இறக்கினா நான் கண்ணுசாமி மக இல்ல.

"நான் வந்தது வேற விஷயம், அந்த நிலம்..." என்று ஆரம்பிச்சாரு.

"எழவு வீட்டுல வேற விஷயம் பேசுறதில்லைங்க," என்றது அம்மா. அதட்டல. வந்தவங்களுக்குச் சொல்ற மாதிரி சாதாரணமாத்தான் சொல்லுச்சு. "துக்கம் கேக்க வந்திருந்தா உக்காருங்க."

பெஞ்சுல இருந்தவங்க நகந்து ஒரு ஆள் உக்கார இடம் விட்டாங்க. அவர் அந்த இடத்தைப் பாத்தாரு. அப்பா ரெண்டு கையும் மடியில வெச்சு உக்காந்திருந்தாரு. யார் நீட்டுனாலும் பிடிக்கத் தயாரா இருந்த கை அது. அவர் நீட்டல. கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் திரும்பி, வரேன்னு ஒரு வார்த்தை சொல்லாம பாலத்தைப் பாத்து நடந்தாரு.

எழவு வீட்டுலேருந்து போறப்ப யாரும் சொல்லிக்கிட்டுப் போவக்கூடாது. அந்த ஒரு முறையையாவது அவர் எங்க வீட்டுக்குச் செஞ்சுட்டுப் போனாரு.